மெட்ஷென் இன் யூனிஃபார்ம்: முதலில் மாடிப்படியைப் பாருங்கள்

1931-ல் ஜெர்மனியில் வெளிவந்த 'மெட்ஷென் இன் யூனிஃபார்ம்' படத்தை முதல்முறை பார்க்க உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். நடிகைகளின் முகங்கள் தாமாகவே உங்களை இழுத்துக்கொள்ளும், அதற்குத் தனி முயற்சி வேண்டாம். மாடிப்படியைக் கவனியுங்கள். யார் அதில் ஏறுகிறார், யார் இறங்குகிறார், யாருக்கு அதில் கால் வைக்க அனுமதி இல்லை என்று பார்த்துக்கொண்டே வந்தால் படத்தின் முக்கால்வாசி பிடிபட்டுவிடும்.

கதை சிக்கலானதல்ல. ராணுவ அதிகாரி ஒருவரின் மகள் மானுவேலா. தாய் இல்லாத பெண், வயது பதினான்கைத் தாண்டியிருக்கிறது. அவளுடைய அத்தை அவளை பாட்ஸ்டாம் நகரில் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறாள். ராணுவக் குடும்பத்துப் பெண்கள் தங்கிப் படிக்கும் இடம் அது. தலைமை ஆசிரியை கைத்தடியோடு நடப்பவர். பசியும் ஒழுக்கமும்தான் பிரஷ்யாவை, அதாவது ராணுவக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன அந்த ஜெர்மன் மாநிலத்தை, மறுபடி நிமிர்த்தும் என்று உறுதியாக நம்புகிறவர். ஆகவே பிள்ளைகளுக்குச் சாப்பாடு குறைவு, விதிகள் ஏராளம். அந்த இடத்தில் ஃபிராய்லைன் (செல்வி) ஃபோன் பெர்ன்பர்க் என்ற ஆசிரியை மட்டும் பிள்ளைகளிடம் கனிவாக இருக்கிறார். மானுவேலா தன் மனசை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுகிறாள். பள்ளி நாடகம் முடிந்த இரவில், சமையலறைப் பெண்கள் கலந்துகொடுத்த மதுபானம் தலைக்கேற, அத்தனை பேர் முன்னாலும் அதை உரக்கச் சொல்லியும் விடுகிறாள். அதன் பிறகு நடப்பதுதான் படத்தின் கடைசிப் பகுதி.

இனி படிக்கட்டு. பள்ளியின் நடுவே நாலு பக்கமும் சுற்றி ஏறும் பெரிய மாடிப்படி. நடுவில் கிணறுபோல ஆழமான வெற்றிடம். இந்த முன்படி ஆசிரியைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது, மாணவிகள் பக்கத்துப் படியைத்தான் பயன்படுத்த வேண்டும். மானுவேலாவும் பெர்ன்பர்க்கும் முதன்முதலில் எதிர்ப்படுவது படியில்தான். கொஞ்ச நேரம் கழித்து, மேல்தளத்தில் நிற்கும் பெண்கள் ஒரு பொருளைக் கீழே போட்டுப் பார்க்கிறார்கள். அது தரையில் மோதும் சத்தத்தில் அவர்களுக்கே உடம்பு சிலிர்க்கிறது. விளையாட்டுப்போலத்தான் அந்தக் காட்சி வந்துபோகிறது. ஆனால் ஆழம் எவ்வளவு என்று பார்வையாளருக்கு அளந்து காட்டியாகிவிட்டது. கடைசியில் மானுவேலா கர்த்தருடைய ஜெபத்தை முணுமுணுத்தபடி ஒவ்வொரு படியாக ஏறும்போது, மேலே போனால் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆபத்தை ஆபத்து நேரத்தில் அறிமுகப்படுத்தினால் அது திடுக்கிடல். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்பே காட்டிவைத்துவிட்டால் அது பயம். ஒரு பொருள், ஒரு சத்தம், நாலைந்து முகங்கள், இவ்வளவுதான் இதற்கு ஆன செலவு. குறைந்த பணத்தில் படம் எடுக்க நினைப்பவர்கள் இந்தக் காட்சியை மட்டும் நாலு தடவை ஓட்டிப் பார்க்கலாம்.

பணம் குறைவு என்பதும் உண்மையே. ஜெர்மனியில் கூட்டுறவு முறையில் தயாரான முதல் படம் என்று இதைச் சொல்வது வழக்கம். பெரிய ஸ்டூடியோ முதலீடு கிடையாது; 'டாய்ச்செ ஃபில்ம்-கெமைன்ஷாஃப்ட்' என்ற பெயரில் ஒரு கூட்டு அமைப்பு. நடிகைகளும் தொழில்நுட்பக்காரர்களும் முழுச் சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு என்று ஒத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மேற்பார்வைக்கு கார்ல் ஃபிரோலிஷ் என்ற அனுபவசாலி. இயக்கம் லியோன்டினே சாகன், புகழ்பெற்ற மேடை இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் பள்ளியில் தேர்ந்த நாடகக்காரர், அவருக்கு இது முதல் படம். இப்படி எடுப்பதில் ஒரு வசதி உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. போட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்டு, கதைக்குள் ஒரு காதலனைப் புகுத்தச் சொல்ல ஒரு முதலாளி இல்லை. படம் முழுக்கப் பேசும் பாத்திரம் ஒன்றுகூட ஆண் அல்ல. ஆபத்து என்னவென்றால், ஒரு நாளைக்கூட வீணடிக்க முடியாது. ஒரு நாள் நீண்டால் எல்லோருடைய பங்கும் கரையும். ஒத்திகை இல்லாமல் வந்து நிற்கிற குழுவால் இந்த முறையில் படம் முடிக்க முடியாது.

இங்கே ஒத்திகை ஏற்கெனவே முடிந்திருந்தது. கிரிஸ்டா வின்ஸ்லோ எழுதிய நாடகம்தான் மூலம். 1930-ல் லைப்ட்சிக்கில் 'ரிட்டர் நெரெஸ்டான்' என்ற பெயரில் மேடையேறியது. 1931-ல் 'கெஸ்டெர்ன் உண்ட் ஹோய்டே', அதாவது 'நேற்றும் இன்றும்' என்ற பெயரில் பெர்லினுக்கு வந்தது. பெர்லின் நாடகத்தை இயக்கியவரும் சாகன்தான். மானுவேலாவாக நடித்த ஹெர்தா தீலே லைப்ட்சிக் மேடையிலேயே அதே வேடத்தில் நடித்தவர். வின்ஸ்லோ தானே பாட்ஸ்டாமில் இப்படி ஒரு பள்ளியில் படித்தவர் என்பதால், எந்த மணிக்கு எது நடக்கும், உடை எப்படி மாற்றப்படும், கடிதம் யார் கையில் போகும் என்ற விவரமெல்லாம் யூகம் கலக்காமல் இருக்கின்றன.

அந்த விவரங்களில் ஒன்று என்னை மிகவும் ஈர்ப்பது. மானுவேலாவுக்குப் புதுச் சீருடை தைப்பதில்லை. பள்ளியை விட்டுப்போன வேறொரு பெண்ணின் பழைய உடையை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு இதயமும் 'எ. ஃபோ. பெ.' என்ற முதலெழுத்துகளும் தைத்திருக்கின்றன. எலிசபெத் ஃபோன் பெர்ன்பர்க். ஆசிரியையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவருடைய பெயரை உடம்போடு ஒட்டி அணிந்துகொண்டாகிவிட்டது. முன்னால் இருந்த பெண்ணும் இதே ஏக்கத்தோடுதான் இங்கே வாழ்ந்தாள் என்பதும் ஒரு வசனம் இல்லாமல் தெரிந்துவிட்டது. வந்தவளிடமிருந்து புத்தகம், இனிப்பு, பணம் எல்லாவற்றையும் வாங்கி வைக்கிறார்கள், தலைமுடியை இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். எல்லாப் பெண்களுக்கும் ஒரே கோடுபோட்ட துணி. அந்தக் கோடுகள் வரிசையாக நிற்கும்போது எந்த இடத்தை நினைவூட்டுகின்றன என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

விடுதிப் படங்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் கூட்டம். முப்பது பெண்களை ஒரே உடையில் நிறுத்தினால் பார்வையாளருக்கு யார் யாரென்று தெரியாது. தெரியாவிட்டால் ஒருத்திக்கு நேர்வது எல்லோருக்கும் நேர்வதாகத் தோன்றாது. சாகன் என்ன செய்கிறார் என்றால், நாலைந்து பேருக்கு மட்டும் ஒவ்வொரு செயலைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை அலையாக விட்டுவிடுகிறார். இல்ஸே என்ற குறும்புக்காரி அலமாரிக் கதவுக்குள் ஹான்ஸ் ஆல்பர்ஸ் என்ற நடிகரின் படத்தை ஒட்டிவைத்திருக்கிறாள். பள்ளியில் பட்டினி போடுகிறார்கள் என்று வீட்டுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் அனுப்பப் பார்ப்பவளும் அவளே. மாட்டிக்கொண்டதும் நாடகத்தில் அவளுடைய வேடம் பறிபோகிறது. எலன் ஷ்வான்னெக்கெ அவளாக நடித்திருக்கிறார், படத்தின் சிரிப்பெல்லாம் இவர் பொறுப்பு. தலைமை ஆசிரியைக்கு எடுபிடியாகக் கையைப் பிசைந்துகொண்டே ஓடும் ஃபிராய்லைன் ஃபோன் கெஸ்டெனையும் மறக்க முடியாது. விதியைப் போடுபவரைவிட அதை ஓடியாடி நிறைவேற்றுபவரைத்தான் பிள்ளைகள் தினமும் சந்திக்கிறார்கள். ஹாஸ்டலில் இருந்த யாருக்கும் அந்த முகம் பழக்கமானதுதான்.

அடுத்த சறுக்கல் வயது. பதினான்கு வயதுப் பாத்திரத்துக்கு இருபது தாண்டியவரைப் போடும்போது, எதிரே நிற்கும் ஆசிரியை உண்மையில் மூத்தவராகத் தெரிய வேண்டும். ஹெர்தா தீலே பிறந்தது 1908 மே, பெர்ன்பர்க்காக வரும் டோரோதேயா வீக் பிறந்தது அதே 1908-ன் ஜனவரி. நாலு மாத வித்தியாசம்! படத்தில் ஒருவர் சிறுமி, மற்றவர் முழு ஆளுமை கொண்ட ஆசிரியை. இந்த இடைவெளியை உண்டாக்குவது ஒப்பனை மட்டுமல்ல. வீக் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. நேராக நிற்பார், தலையை மட்டும் மெல்லத் திருப்புவார், சொல்வதைக் குறைவாகச் சொல்வார். தீலே எப்போதும் எதையாவது பற்றிக்கொண்டோ, பாதி திரும்பியோ, தோளைக் குறுக்கியோதான் நிற்பார். உடம்பின் அசைவை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தே வயதை உண்டாக்கியிருக்கிறார்கள். பெர்லின் மேடையில் ஆசிரியை வேடத்தில் இருந்தவர் மார்கரெட்டே மெல்ட்சர், கம்பீரமான, ஆண்மைச் சாயல் கொண்ட நடிகை. படத்துக்கு அவரை மாற்றிவிட்டு மென்மையான முகம் கொண்ட வீக்கைப் போட்டார்கள். வியாபாரக் கணக்கும் இதில் இருந்திருக்கலாம். ஆனால் கதைக்கு இது நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். விறைப்பான உடையில் இந்த முகம் இருப்பதால்தான் அடக்கிவைத்த எதுவோ ஒன்று உள்ளே இருப்பதாக நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இரவு வணக்கக் காட்சியை விதியை உடைத்துக் காட்டுவது எப்படி என்பதற்குப் பாடமாக வைக்கலாம். படுக்கையறையில் விளக்கு மங்கலாகிறது. பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் கட்டிலின் மீது மண்டியிட்டுக் காத்திருக்கிறார்கள். பெர்ன்பர்க் வரிசையாக வந்து ஒவ்வொருத்தியின் நெற்றியிலும் முத்தமிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். அதே நடை, அதே குனிவு, அதே இடைவெளி. பார்க்கும் நமக்கு இந்தத் தாளம் பதியும்வரை திரும்பத் திரும்ப நடக்கிறது. மானுவேலாவின் முறை வரும்போது அவள் தாவிக் கட்டிக்கொள்கிறாள், தாளம் தவறுகிறது. முதலில் ஒழுங்கைப் பலமுறை காட்டாமல் நேரே மானுவேலாவுக்கு வந்திருந்தால் இது சாதாரண அரவணைப்பு. இப்போது பெரிய மீறல். நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எடிட்டிங்கில் அந்த முன்கட்டில்களை வெட்டினால் காட்சியே செத்துவிடும்.

இந்தக் காட்சியை இன்று பார்க்கும்போது சங்கடம் வருவது நியாயமே. பெர்ன்பர்க் பெரியவர், கையில் அதிகாரம் உள்ளவர். மானுவேலா தாயை இழந்த குழந்தை. பட்டினி போடும் இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் அன்பைப் பங்கிட்டுக் கொடுத்தால், அந்த அன்பும் ரேஷன் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் அதற்காக ஏங்கியே தீர வேண்டியிருக்கிறது. படம் பெர்ன்பர்க்கை நேசிக்கிறது, ஆனால் இந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிப்பதில்லை. கிழிந்த உள்ளாடையோடு நிற்கும் மானுவேலாவுக்குத் தன்னுடையதை எடுத்துக் கொடுப்பது அவருடைய கருணைதான். பின்னால் பழியாகத் திரும்பி வருவதும் அதே கருணைதான். இந்த இரண்டையும் ஒருசேரக் காட்டிய நேர்மைக்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

பள்ளி நாடகம் எது என்பதிலும் கவனம் வேண்டும். மேடை மூலத்தில் பெண்கள் நடிப்பது வோல்டேரின் 'சயீர்'. மானுவேலா அதில் நெரெஸ்டான் என்ற வீரன். முதல் தலைப்பு அங்கிருந்து வந்ததுதான். படத்தில் அதை ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் 'டோன் கார்லோஸ்' நாடகமாக மாற்றியிருக்கிறார்கள். கார்லோஸ் இளவரசன். அவன் விரும்புவது தந்தையின் மனைவியாகிவிட்ட அரசியை, அதாவது தாய் இடத்தில் இருப்பவளை. அவள் பெயர் எலிசபெத். பெர்ன்பர்க்கின் பெயரும் எலிசபெத். தாய் இல்லாத பெண் இளவரசன் வேடமிட்டு, தாய் ஸ்தானத்தில் வைத்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரைச் சொல்லிக் காதலைப் பேசுகிறாள். ஷில்லரைப் பள்ளிப் பாடமாகவே படித்து வளர்ந்த ஜெர்மன் பார்வையாளர்களுக்கு இது உடனே எட்டியிருக்கும். நமக்கு எட்டாது என்பதால்தான் இவ்வளவு விளக்கம். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகள் எரிகா மன்னும் ஆசிரியைகளில் ஒருவராக ஒரு சின்ன வேடத்தில் வருகிறார்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மன் சினிமா பேச ஆரம்பித்து அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் எல்லோரும் மைக் இருக்கும் திசையைப் பார்த்து நின்று பேசுவார்கள். இந்தப் படத்தில் கிசுகிசுப்பு இருக்கிறது, ஒருத்தி முடிக்கும் முன் இன்னொருத்தி பேசுவது இருக்கிறது, வெளியே ஊதும் ராணுவ எக்காளம் இருக்கிறது. தொடக்கத்தில் பாட்ஸ்டாமின் சிலைகள், தூண்கள், அணிவகுப்பு, எக்காளம். கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு வெளியுலகம் கண்ணுக்கு அநேகமாகத் தெரிவதில்லை, காதுக்கு மட்டும் வருகிறது. சுவருக்கு வெளியே ராணுவம் இருக்கிறது, சுவருக்கு உள்ளேயும் அதேதான் என்பது இந்த ஒரு சத்தத்தில் அடங்கிவிடுகிறது. முடிவில் பெண்கள் தங்கள் தோழியை மீட்டு நிற்க, தலைமை ஆசிரியை தனியாகப் படியிறங்கி நடைவழி இருட்டுக்குள் போகிறார். எக்காளம் மறுபடி ஒலிக்கிறது. பிள்ளைகள் வென்றார்கள் என்று நிம்மதியடைய விடாதது அந்த ஒலிதான். லேப்டாப் ஸ்பீக்கரில் பார்த்தால் இது அடிபட்டுப் போகும். ஹெட்போனில் கேளுங்கள்.

கேமரா ரைமார் குன்ட்சே, ஃபிரான்ட்ஸ் வைமயர். ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் மெல்லப் படிந்து கலைவதை இரண்டு பேரின் மனமும் ஒன்றையொன்று எட்டும் தருணங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பெர்ன்பர்க்குக்கு ஆபத்து உள்ளுணர்வில் படும் இடத்தில் அது வருகிறது. இந்த உத்தியை எங்கும் தெளித்திருந்தால் வெறும் அலங்காரமாகியிருக்கும்.

மேடையில் மானுவேலா குதித்துவிடுகிறாள், இறந்துபோகிறாள். படத்தில் தோழிகள் ஓடிவந்து தடுத்துவிடுகிறார்கள். 1933-ல் வின்ஸ்லோ இதே கதையை நாவலாக எழுதியபோது மறுபடி சாவையே முடிவாக வைத்தார். அவருக்குப் படத்தின் முடிவில் திருப்தி இல்லை என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். எனக்குப் படத்தின் முடிவுதான் வலுவாகத் தெரிகிறது. அதுவரை தடை செய்யப்பட்ட முன்படியில் அத்தனை பெண்களும் ஏறி வருகிறார்கள், ஒருவர் உத்தரவும் இல்லாமல். ஒருத்தியின் சாவு ஆசிரியைகளைத் தலைகுனிய வைத்திருக்கும். இந்தக் கூட்டமோ பள்ளியின் சட்டத்தையே செல்லாக்காசாக்குகிறது.

வெளியே நடந்தது வேறு. படம் வெளிவந்து பதினான்கு மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சாகன் இங்கிலாந்துக்கும் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் போய் நாடகப் பணியில் வாழ்ந்தார். தீலே நாஜிகளின் பிரச்சாரப் படங்களில் நடிக்க மறுத்து, 1937-ல் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். கெஸ்டெனாக நடித்த ஹெட்விக் ஷ்லிஷ்டர் அர்ஜென்டினாவில் ஹெடி கிரிஜா என்ற பெயரில் பல தலைமுறை நடிகர்களுக்கு ஆசான் ஆனார். வின்ஸ்லோ 1944-ல் பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஃபிரோலிஷ் நாஜிக் கட்சியில் சேர்ந்து, 1939-ல் ஆட்சியின் திரைப்படத் துறைக்கே தலைவரானார். ஒரே படப்பிடிப்புத் தளத்தில் லாபத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டவர்கள்தான் இவர்கள் எல்லோரும்.

இந்த வகைப் படத்தில் அண்மையில் நம் நாட்டிலிருந்து வந்த நல்ல ஒன்று சுச்சி தலாட்டியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்'. 2024 சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருதும், ப்ரீத்தி பாணிக்ரஹிக்கு நடிப்புக்கான நடுவர் குழு சிறப்பு விருதும் பெற்றது. தாயாக கனி குஸ்ருதி. இமயமலை அடிவாரத்துப் பள்ளி, விதிகளை நடைமுறைப்படுத்தும் தலைமை மாணவியே கதாநாயகி. அதிலும் படிக்கட்டு வருகிறது: பையன்கள் கீழே நின்று பெண்களின் பாவாடையைப் படம் பிடிக்கும் இடமாக. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால், கட்டடம் எப்படிப் பெண் பிள்ளைகளைக் கண்காணிக்கிறது என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

பார்க்கும் முன் பிரிண்ட்டைச் சரிபாருங்கள். 1958-ல் ரோமி ஷ்னைடரும் லில்லி பால்மரும் நடித்து வண்ணத்தில் இதே பெயரில் ஒரு மறுஆக்கம் இருக்கிறது; தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆண்டு 1931, கருப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய நீளம் என்று பார்த்து எடுங்கள். இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகளில் படம் மங்கி, படுக்கையறைக் காட்சி வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். சப்டைட்டிலும் நாலு வசனத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், கினோ லார்பர் ஆகியவற்றின் வட்டுகள் நம்பிக்கையானவை. கிடைத்த பிரதி சரியானதா என்று தெரிந்துகொள்ள, கடைசிப் பகுதியில் பெர்ன்பர்க் தலைமை ஆசிரியையை எதிர்த்துப் பேசும் காட்சிக்குப் போங்கள். நீங்கள் பாவம் என்று சொல்வதை நான் ஆயிரம் வடிவம் கொண்ட அன்பு என்கிறேன் என்ற பொருளில் அவர் சொல்லும் வசனம் அங்கே இருக்க வேண்டும். அமெரிக்கத் தணிக்கையில் முதலில் வெட்டுப்பட்ட வரி அது. உங்கள் பிரதியில் அது இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.